நலவாழ்வு நடத்தை மாற்ற ஆய்வு: ஓர் அறிமுகம்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மருத்துவம் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என வினவுவார் இருக்கக்கூடும். திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் பெயரே 'மருந்து' என்பதாம். அவ்வதிகாரத்தைக் கற்போர் ஒன்றை எளிதிற் காண்பர். மருந்து என்னும் தலைப்பின்கீழ் எந்த ஒரு மருந்தின் பெயரும் அங்கு இல்லை. பத்துக் குறள்களுள் பெரும்பாலானவை உண்ணும் முறையை, அதாவது மனிதன் நாள்தோறும் நடந்துகொள்ளும் முறையையே பேசுகின்றன. இறுதிக் குறளோ மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. இந்நான்காமவரை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்கிறார். நல்ல மருத்துவரும் நல்ல மருந்தும் வாய்த்தாலும், நோயாளியின் நடத்தையும் அவருக்குத் துணைநிற்பார் ஒருவரும் சேர்ந்தால்தான் மருத்துவம் நிறைவுறும் என்பது இப்பகுப்பினால் விளங்கும்.

இவ்வுண்மையை இக்காலத்தில் எண்ணியும் அளந்தும் ஆராயும் கல்வித்துறை ஒன்று வளர்ந்துள்ளது. அதனை 'நலவாழ்வு நடத்தை மாற்ற ஆய்வு' எனத் தமிழில் வழங்கலாம். மக்கள் ஏன் மருந்தைப் பாதியில் நிறுத்துகின்றனர், தீங்கு தெரிந்தும் ஏன் புகைக்கின்றனர், நடைப்பயிற்சி நல்லது என அறிந்தும் ஏன் நடப்பதில்லை, இவற்றை மாற்ற எவை உதவும், எவை உதவா என்பன இத்துறையின் வினாக்கள். உளவியல், சமூகவியல், மருத்துவம், புள்ளியியல் ஆகியவை இங்கு ஒன்றுகூடுகின்றன. மொழியறிவுக்கும் இங்கு இன்றியமையாத இடமுண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். உலகம் முழுவதும் மேற்கோளாகக் காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்று இச்சென்னை மாநகரிலேயே நிகழ்ந்தது என்பது நம் மாணவர் பலரும் அறியாத செய்தி. அதனை நடுவாகக் கொண்டு இத்துறையை அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறியாமையா, ஏற்பாட்டின் குறையா?

நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்றால், 'அவருக்கு அறிவு போதாது. எடுத்துச் சொன்னால் திருந்துவார்' என்பதே பொதுவாக நாம் கூறும் விளக்கம். இவ்விளக்கம் எந்த அளவுக்கு உண்மை என்பதை இரண்டு பழைய ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டும் காசநோயைப் பற்றியவை.

1950களில் அமெரிக்காவில் காசநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய மார்பு எக்ஸ்ரே எடுக்கும் வசதி மக்களுக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஹாக்பாம் என்னும் சமூக உளவியலாளர் மூன்று நகரங்களில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோரை வினவி ஆராய்ந்து 1958இல் வெளியிட்டார். நோய் தமக்கும் வரலாம் என்றும், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நன்மை உண்டு என்றும் நம்பியவர்களுள் 82 விழுக்காட்டினர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தனர். இரண்டையும் நம்பாதவர்களுள் அவ்வாறு எடுத்தவர் 21 விழுக்காட்டினரே. மனத்தின் நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை இது புலப்படுத்திற்று. இன்றும் பாடநூல்களில் இடம்பெறும் 'நலவாழ்வு நம்பிக்கைக் கோட்பாடு' இத்தகைய ஆய்வுகளிலிருந்தே பிறந்தது.

இனி நம் நாட்டு ஆய்வைக் காண்போம். பெங்களூரில் 1959இல் தொடங்கப்பெற்ற தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஆய்வு நிகழ்த்தி 1963இல் வெளியிட்டனர். காசநோய் உடையவர்களுள் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் தோன்றிய குறிகளை உணர்ந்தே இருந்தனர். அவர்களுள் பாதியளவினர் மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றும் இருந்தனர். ஆனால் அங்கு அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்தே. 'மக்கள் அறியாதவர்கள், அதனால் வருவதில்லை' என்று அதுவரை கூறிவந்த கருத்து இதனால் ஆட்டங்கண்டது. மக்கள் வந்தார்கள், வந்தவர்களை ஏற்கும் ஏற்பாடுதான் அங்கு இல்லை.

நம்பிக்கை வேண்டும் என்பது முதல் ஆய்வின் பாடம். நம்பி வருபவருக்கு ஏற்ற ஏற்பாடு வேண்டும் என்பது இரண்டாம் ஆய்வின் பாடம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடுபவர் நோயாளியைக் குறைகூறுவதோடு நின்றுவிடுவர்.

சென்னை ஆய்வு

1950களின் நடுப்பகுதி வரை காசநோய் கண்டவரைக் குடும்பத்தினின்று பிரித்து, நல்ல காற்றும் சத்துணவும் முழு ஓய்வும் உள்ள சானடோரியத்தில் பல மாதங்கள் வைத்திருப்பதே சிறந்த மருத்துவமாகக் கருதப்பட்டது. தாம்பரத்தை அடுத்து இன்றும் ஒரு ரயில் நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளோ மிகப் பலர். படுக்கைகளோ மிகச் சில. 1952இல் ஐசோனியசிட் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின் ஒரு வினா எழுந்தது. மருந்தே நோயைத் தீர்க்கவல்லதாயின், ஏழை நோயாளி தம் சிறு வீட்டில் இருந்துகொண்டே குணமடைய முடியாதா?

இவ்வினாவுக்கு விடைகாண 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதனை அமைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது.

நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த வறிய நோயாளர் 193 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கலை ஒத்த சமவாய்ப்பு முறை தீர்மானித்தது. இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள் தரப்பட்டன. சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்லுணவும் ஓய்வும் கிடைத்தன. அவர்களின் உடல் எடையும் மிகுதியாகக் கூடிற்று. வீட்டில் இருந்தோர்க்குக் குறைந்த உணவு, ஓயாத வேலை, நெருக்கமான இடம் என்பனவே வாய்த்தன. ஆயினும் 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர் சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த உறவினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும், நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவியதற்குச் சான்று கிடைக்கவில்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இவ்வாய்வு பெரிதும் துணைசெய்தது.

இவ்வெற்றிக்கு மருந்து மட்டுமே காரணம் எனக் கருதுதல் பொருந்தாது. மருந்து கொடுத்துவிட்டு 'ஒழுங்காக உட்கொள்ளுங்கள்' என்று கூறுவதோடு மையத்தார் நின்றுவிடவில்லை. நோயாளி குறித்த நாளில் வந்து மருந்து பெற்றார். மையத்தின் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உடலுட் சென்றதா என அறிந்தனர். வராதவரைத் தேடிச் சென்று காரணம் கேட்டனர். சோதிப்பவராகவும் துணைநிற்பவராகவும் அவர்கள் விளங்கினர். வள்ளுவர் கூறிய நான்காம் கூறு இங்குத் தொழிற்பட்டதை நாம் காணலாம்.

கண்காணிப்பும் அதன் எல்லையும்

நோயாளி தாமே மருந்தை எடுத்துக்கொள்ளும்போது சிலர் விட்டுவிடுவது எந்நாட்டிலும் நிகழ்வதே என்பதை ஃபாக்ஸ் 1958லேயே எழுதினார். வறுமையும் கல்லாமையும் மட்டுமே அதற்குக் காரணமல்ல. உடல் தேறியதும் மருந்து தேவையில்லை எனத் தோன்றுவது மனித இயல்பு. எனவே வாரம் இருமுறை நோயாளி மையத்துக்கு வந்து பணியாளர் முன்னிலையிலேயே மருந்து பெறும் முறையைச் சென்னை மையம் சோதித்தது. நாள்தோறும் வீட்டில் தாமே உட்கொள்ளும் முறைக்கு அது சற்றும் தாழ்ந்ததன்று என 1964இல் முடிவு வெளியாயிற்று. 1997 முதல் நாடெங்கும் விரிவாக்கப்பெற்ற 'டாட்ஸ்' எனப்படும் நேரடிக் கண்காணிப்பு மருத்துவத்தின் வேர்களுள் ஒன்று இச்சேத்துப்பட்டு ஆய்வில் உள்ளது.

ஆனால் ஆய்வு அத்துடன் முடிந்துவிடவில்லை. கண்காணிப்பு மட்டுமே போதுமா என்று பிறர் வினவினர். பாகிஸ்தானில் 497 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நிகழ்த்திய ஆய்வு 2001இல் வெளிவந்தது. மருத்துவப் பணியாளர் கண்காணித்த பிரிவில் குணமடைந்தோர் 64 விழுக்காடு. குடும்பத்தார் கண்காணித்த பிரிவில் 55 விழுக்காடு. தாமே மருந்து உட்கொண்ட பிரிவில் 62 விழுக்காடு. மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அன்றாடம் வந்து போகும் செலவும் அலைச்சலும் கண்காணிப்பின் பயனைக் குறைத்துவிடும் என்பதை இதனால் நாம் உணரலாம். காவல் வேறு, துணை வேறு. உழைச்செல்வான் காவற்காரன் ஆகிவிட்டால் நோயாளி அவரிடமிருந்து விலகவே எண்ணுவார்.

வடசென்னையில் இவ்வினா

ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னையின் வாழ்க்கையை நினைத்தால் இது மேலும் தெளிவாகும். காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுத் தொழிலாளி பல நாட்கள் கழித்தே கரை திரும்புகிறார். நாள்தோறும் காலையில் மருந்தகத்துக்கு வருமாறு அவரிடம் கூறுவது, தொழிலை விடுமாறு கூறுவதற்கு ஒப்பாகும். துறைமுகத்துக்குச் சரக்குப்பெட்டி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார். வரிசையை விட்டால் நடை போயிற்று. திருவொற்றியூர், மணலித் தொழிற்கூடங்களில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவருக்கு மருத்துவமனையில் கழியும் ஒரு முற்பகல் என்பது ஒரு நாட்கூலியின் இழப்பு. விடியுமுன் மீன் ஏலத்துக்குச் செல்லும் பெண்மணிக்கு மருந்தகம் திறக்கும் வேளையே விற்பனை வேளை. இவர்கள் மருந்தை விட்டால் அதற்குச் சோம்பலோ அறியாமையோதான் காரணம் எனக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

காசநோய் ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதைச் சென்னை மையத்தார் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். நோயால் இழந்த வேலைநாட்கள் சராசரியாக 83. நோயுற்றோரின் பள்ளி செல்லும் பிள்ளைகளுள் 11 விழுக்காட்டினர் படிப்பை நிறுத்தினர். மேலும் 8 விழுக்காட்டினர் குடும்பத்தைக் காக்க வேலைக்குச் சென்றனர். தந்தையின் நோய் பிள்ளையின் வகுப்பறை வரை எட்டுகின்றது. ஆசிரியராகிய நம்மை இச்செய்தி சிந்திக்க வைக்கவேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் அதே மையத்தார் நிகழ்த்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவத்தைப் பாதியில் விட்டவர்களிடம் மதுப்பழக்கம், முன்னரே ஒருமுறை மருத்துவம் பெற்றிருத்தல் முதலியன மிகுந்து காணப்பட்டதைக் கூறுகின்றது. ஆண்களே மிகுதியாக விட்டனர். சென்னை ஆடவரின் இறப்புகளையும் உள்ளடக்கி டாக்டர் கஜலட்சுமி முதலானோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, புகைப்போர் காசநோயால் இறக்கும் வீதம் புகையாதோரினும் நகர்ப்புறத்தில் நான்கு மடங்குக்கு மேல் எனக் காட்டிற்று. ஆகவே மாத்திரையைத் தனியே பார்த்தல் போதாது. அதன் அருகில் பீடியும் மதுவும் கடனும் பசியும் உள்ளன.

பசியை நீக்கினால் என்ன நிகழும் என்பதையும் ஆய்வாளர் சோதித்தனர். ஜார்க்கண்டில் காசநோயாளர் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலிய உணவுப் பொருள்கள் வழங்கி நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. சென்னை நிறுவனமும் அதில் பங்கேற்றது. கூடுதல் உணவு பெற்ற குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் தோன்றுவது, பெறாத குடும்பத்தாரை ஒப்பிட 39 விழுக்காடு குறைந்தது. அரசும் 2018 முதல் காசநோயாளருக்கு மாதம் 500 ரூபாய் உணவு உதவித்தொகை வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறிவுரை ஏற்பாடாக மாறும்போது அது சோறாகவும் பணமாகவும் உருவெடுக்கின்றது.

ஆய்வாளரின் பணி யாது?

இத்துறையில் பணிபுரிவோர் என்ன செய்கின்றனர் என மாணவர் வினவலாம். முதற்பணி வினாவைச் சுருக்கி உருவாக்குதல். 'மக்களை எவ்வாறு திருத்துவது?' என்பது ஆய்வு வினா ஆகாது. 'வாரம் ஒருமுறை கைப்பேசிச் செய்தி அனுப்பினால் நடைப்பயிற்சி கூடுமா?' என்பது ஆய்வு வினா. அடுத்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறவேண்டும். ஆய்வில் சேர்வோருக்கு அனைத்தையும் விளக்கி, மறுத்தாலும் மருத்துவம் நில்லாது என உறுதி கூறி, இசைவு பெறவேண்டும். பின்னர்ச் சமவாய்ப்பு முறையில் பிரிவுகளாக்கி, மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சென்று அளக்கவேண்டும். இறுதியாக, முடிவு தம் விருப்பத்துக்கு மாறாக வந்தாலும் அதனை மறையாமல் வெளியிடவேண்டும்.

நீரிழிவுத் தடுப்பு ஆய்வுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நிகழ்த்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர் நோயாளர் ஆயினர். உணவு, நடை ஆகியவற்றில் தொடர்ந்து வழிகாட்டல் பெற்றோருள் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர்த் தென்னிந்தியாவில் பணியில் உள்ள 537 ஆடவரிடையே கைப்பேசிக் குறுஞ்செய்தி முறையைச் சோதித்து 2013இல் வெளியிட்டனர். செய்தி பெற்றவர்களுள் ஈராண்டில் நோயுற்றோர் 18 விழுக்காடு. பெறாதவர்களுள் 27 விழுக்காடு. ஆனால் கேரளத்தில் 1,007 பேரிடையே அக்கம்பக்கக் குழுக்கள்வழி நிகழ்த்திய ஆய்வில், 2018இல் வெளியான முடிவின்படி, நோயுற்றோர் வீதம் 14.9, 17.1 விழுக்காடு என ஏறத்தாழ ஒன்றாகவே நின்றது. அக்குழுவினர் அதனை ஒளிக்கவில்லை; மதுப்பழக்கம் குறைந்ததையும், நீரிழிவு எதிர்பார்த்த அளவு குறையாததையும் ஒருங்கே எழுதினர். வெற்றியை மட்டும் எழுதுவது விளம்பரம். இரண்டையும் எழுதுவதே ஆய்வு.

சொல்லும் ஆய்வும்

தமிழ் கற்பார்க்கு இத்துறையில் என்ன இடம் என்பதை இனிக் காண்போம். வினாநிரல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழாக்கப்படுகின்றன. பின்னர் வேறொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி, பொருள் மாறாதிருக்கிறதா என ஒப்பிடுவர். இங்கு ஒரு சொல் பிழைத்தால் ஆயிரம் விடைகள் பிழைக்கும். 'மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டீர்களா?' என்று கேட்டால், எதிரே இருப்பவர் மனம் கோணாதிருக்க 'ஆம்' என்றே எவரும் விடை பகர்வர். 'வேலைப் பளுவில் பலருக்கும் மாத்திரை விட்டுப்போவதுண்டு. சென்ற வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போயிற்று?' என்று கேட்டால் உண்மை வெளிவரும். முதல் வினா தேர்வு நடத்துகின்றது, இரண்டாவது உரையாடுகின்றது. எண்ணூர் மீனவரிடமும் ராயபுரத்து மூதாட்டியிடமும் எச்சொல் பழகியது என்பதை அறிந்தவரே இவ்வாறு கேட்கவல்லார்.

சொல் பார்வையையும் காட்டும். மருத்துவத்தைப் பாதியில் நிறுத்தியவரை ஆங்கிலத்தில் நெடுங்காலம் கடன் கட்டத் தவறியவரைக் குறிக்கும் சொல்லாலேயே குறித்துவந்தனர். நோய் இருக்கலாம் எனக் கருதப்பட்டவரைக் குற்றம் ஐயுறப்பட்டவரைக் குறிக்கும் சொல்லால் குறித்தனர். 2013இல் உலக நலவாழ்வு நிறுவனம் இவ்விரண்டையும் மாற்றிற்று. 'தொடர்பு விட்டுப்போனவர்' என்பதும், 'நோய் இருக்கலாம் எனக் கருதத்தக்கவர்' என்பதும் அவற்றின் இடத்தைப் பெற்றன. தவறியவர் என்றால் குற்றம் அவருடையது. தொடர்பு விட்டுப்போனவர் என்றாலோ, விட்டுப்போன கயிற்றின் மறுமுனை நம் கையிலும் உண்டு. சொல்லாராய்ச்சி வெறும் ஏட்டுப்பணி அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நோன்பும் மருந்தும்

நம் சமுதாயத்தாருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். 2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடையே ஓர் ஆய்வு நிகழ்ந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உடையவர்களுள் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரமலானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றனர். இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்து துன்புறும் நிகழ்வுகள் அம்மாதத்தில் பன்மடங்கு கூடின. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதை அறிந்தும், நோன்பை விட மனம் ஒப்பாமல் பலர் நோற்கின்றனர் என்பது இதனால் தெரிகின்றது. 'நோற்காதீர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால், அவர் மருத்துவரிடம் கூறாமலே நோற்பார். பிரிட்டனில் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ரமலானுக்கு முன்பே உணவு, மருந்து பற்றிய வழிகாட்டல் பெற்றோரிடம் தாழ்சர்க்கரை நிகழ்வுகள் குறைந்ததையும், பெறாதோரிடம் கூடியதையும் காட்டிற்று.

ஆகவே நீரிழிவோ காசநோயோ உடையவர் நோன்பு மாதத்துக்குப் பல வாரங்கள் முன்னரே மருத்துவரைக் காணவேண்டும். நோற்கலாமா, எனின் மருந்தின் அளவும் வேளையும் எங்ஙனம் அமையவேண்டும் என்பதை அவரே உடல்நிலை கண்டு தீர்மானிக்க வேண்டும், தாமே மாற்றிக்கொள்ளலாகாது. இச்செய்தியை ஷஅபான் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையிலேயே பள்ளிவாசலில் அறிவிப்பது ஜமாஅத்தாருக்கு எளிது. அவ்வறிவிப்புக்குச் செலவு ஏதுமில்லை. காக்கப்படும் உயிர்களோ பலவாகலாம்.

நடத்தைக்கு அப்பால்

இத்துறைக்கு ஓர் எல்லையும் உண்டு. எல்லாத் தீங்குக்கும் தனிமனிதர் நடத்தையே காரணம் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிற்று. அதே மாத இறுதியில் ஓர் இரவில் எண்ணூர்ப் பகுதியில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளை நாடினர். அவர்களிடம் எந்த நடத்தையை மாற்றச் சொல்வது? புகைப்பதை விடுமாறு கூறும் நாவே, காற்றைக் காக்க வேண்டியவர் கடமையையும் கூறவேண்டும்.

மாற வேண்டியது பலநேரம் நிறுவனத்தின் நடத்தையே. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பெற்ற காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. நோய் கண்டறியப்பட்ட உடனேயே நோயாளியின் எடை, மூச்சு, நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பணியாளர் பார்த்து, மிகவும் நலிந்தவரைக் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனையில் சேர்க்குமாறு அது வகுக்கின்றது. அங்கு மாற்றம் கோரப்படுவது நோயாளியிடம் அன்று. அவரை ஏற்கும் பணியாளரிடம்.

நாம் செய்யத்தக்கவை

2023இல் இந்தியாவில் காசநோயால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. மருந்து உள்ள ஒரு நோயால் நிகழும் இறப்புகள் இவை. மாணவர்களுக்கு நாம் கூறுவது இது: சமூகப்பணி, உளவியல், புள்ளியியல், செவிலியம் ஆகியவற்றைக் கற்றோர் மட்டுமன்றித் தமிழ் கற்றோரும் இத்துறையில் நுழையலாம். சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முதலியவை நம் நகரிலேயே உள்ளன. களப்பணி, வினாநிரல் மொழியாக்கம், நேர்காணல் பதிவு ஆகியவற்றுக்கு நல்ல தமிழ் அறிந்தோர் தேவை. ஆசிரியப் பெருமக்கள், நெடுநாள் வராத மாணவனின் வீட்டில் நோயுற்றவர் உளரோ என ஒருமுறை கேட்டறியலாம். சமுதாயப் பெரியோர், இரு வாரத்துக்கு மேல் இருமுவோரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும், மருந்து உட்கொள்ளும் ஆறு மாதமும் அக்குடும்பத்துக்கு அரிசியும் ஆறுதலும் கிடைக்கவும் வழிசெய்யலாம். திருமணப் பேச்சிலோ வேலையிலோ அந்நோயின் பெயரால் ஒருவரை ஒதுக்காதிருக்கவும் சொல்லலாம்.

'ஏன் மருந்தை விட்டாய்?' என்று நோயாளியைக் கேட்பது எளிது. 'விடாமல் இருக்க யாம் என்ன செய்யவேண்டும்?' என்று கேட்பதே அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னை உலகுக்குக் கற்பித்துவரும் பாடம். அதனைக் கற்பித்த நகரில் வாழும் நாமும் அவ்வினாவை நம் தெருவில், நம் வீட்டில் கேட்கத் தொடங்குவோமாக.